பேச்சுக்குக் கூலி

"நம் ஜனங்களுக்கு மாத்திரை விழுங்கத் தெரியவில்லை, சார்!" என்று ஒரு டாக்டர் என்னிடம் அலுத்துக்கொண்டார். வைத்தியத்தில் கெட்டிக்காரர், நல்ல மனிதருங்கூட. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தில் பாதிதான் வயிற்றுக்குள் போகிறதாம். மீதிப் பாதி அலமாரியில் கிடக்கிறதாம். "படித்தவர்கள், பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறவர்கள், அவர்களே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது?" என்று கேட்டார்.

பாதி என்று அவர் சொன்ன கணக்கில் மிகை எதுவும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில், பணக்கார தேசங்களிலேயே நீடித்த வியாதி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கண்டிருக்கிறது. ஆகவே, 'நம் ஜனங்கள்' என்று தனியாகப் பிரித்துத் திட்டுவதற்கு நியாயமில்லை. சீமையிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். எனக்கும் டாக்டருக்கும் உள்ள தகராறு கணக்கைப் பற்றியதல்ல. அவர் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறார் என்பதுதான் என் வழக்கு.

மாத்திரை சாப்பிடாதவனைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், அந்த மாத்திரையைப் பற்றி அவனிடம் யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க வேண்டாமா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே நின்று பாருங்கள். சீட்டை நீட்டியவுடன் பையன் ஒருவன் அணில் மாதிரி ஏணியில் ஏறி இறங்குவான். பத்து மாத்திரை உள்ள அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி நாலு மாத்திரையைக் கொடுப்பான். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் தங்கிவிட்ட துண்டோடு போய்விடும். காகித உறையின்மேல் '1-0-1' என்று எழுதுவான். அவ்வளவுதான். அந்த மூன்று எண்கள்தாம் ஆயுள் முழுவதும் தின்னவேண்டிய ஒரு மருந்துக்குக் கிடைக்கிற உபதேசம். பணம் வாங்குகிற இடத்தில் மட்டும் இரண்டு வார்த்தை பேச்சு உண்டு: "சில்லறை இல்லையா?"

அந்த மூன்று எண்களில் அடங்காத விஷயங்கள் எத்தனை! கிளிமிபிரைடு என்று ஒரு மாத்திரை. சர்க்கரை வியாதிக்காரர்களிடம் சர்வ சாதாரணமாகப் புழங்குவது. அதைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிற அம்மாளுக்கு இதைச் சொல்லவேண்டாமா? ஒரு முறை இப்படி மயங்கி விழுந்தவள், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மறுநாளிலிருந்து நிறுத்திவிடுகிறாள். டாக்டரின் கணக்கில் அவள் சொன்னபடி கேளாதவள். என் கணக்கில் அவள் அநுபவத்திலிருந்து பாடம் கற்ற புத்திசாலி. பாடம் தவறாகப் போனதற்கு வாத்தியார் இல்லாததுதான் காரணம்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கை. அந்த வியாதி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத வியாதிக்கு மருந்து எதற்கு என்று மனித மனம் கேட்கத்தான் கேட்கும். மாத்திரையால் அளவு இறங்கியதும், "எனக்குக் குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! முழங்கால் வலிக்கு வேறொரு கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடியவை. மூத்திரக் காயையும் பதம் பார்ப்பவை. இந்தக் கடைக்காரருக்கு அந்தக் கடைச் சமாசாரம் தெரியாது, கேட்பதும் இல்லை. இன்னொன்று: இருதயத்துக்குப் பார்த்த டாக்டர் ஒரு பெயரிலும், குடும்ப டாக்டர் வேறொரு பெயரிலும் எழுதிக் கொடுத்த ஒரே மருந்தை, இரண்டும் வெவ்வேறு என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரே சரக்குக்கு ஒவ்வொரு நாமகரணம் செய்து வைத்திருக்கும் தேசத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதையெல்லாம் டாக்டர் சொல்லவேண்டியதுதான். ஆனால் அவர் வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அதுவும் நீடித்த வியாதிக்காரன் டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோதான். அவன் மாதம் தவறாமல் போய் நிற்கிற ஒரே இடம் மருந்துக்கடை. சம்பளம் வந்த முதல் வாரத்தில் முழுச் சீட்டும், மாதக் கடைசியில் அரைச் சீட்டும் வாங்குகிறான் என்கிற ரகசியம் டாக்டருக்குத் தெரியாது, மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். மருந்தைப் பற்றியே வருஷக்கணக்கில் படித்துத் தேறிய ஒருவர் அந்தக் கடையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர் ஏன் வாயைத் திறப்பதில்லை?

சோம்பலா? அகம்பாவமா? சில கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அதற்குரிய ஆசாமி வேறு ஊரில் இருக்கிறார் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் ஆள் இருக்கிற கடையிலும் பேச்சு இல்லையே! காரணத்தை நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அவர் பேசினால் அவருக்குத் தம்பிடி கிடைக்காது. மாத்திரை விற்றால் லாபம் உண்டு. பேசுகிற பத்து நிமிஷத்தில் நாலு வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். வியாபாரி என்ற முறையில் அவர் செய்வது சரிதான். மாத்திரைக்கு விலை போட்டுவிட்டு, அதைப் பற்றிய பேச்சுக்கு விலை போடாமல் விட்டது நாம்.

அந்தப் பேச்சுக்குக் கூலி கொடுத்துத்தான் பார்ப்போமே என்று ஓர் ஊரில் துணிந்தார்கள். அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தில், நீலமலைத் தொடரின் மடியில் இருக்கும் ஆஷ்வில் என்ற ஊர். கதை படிக்கிறவர்களுக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமல்ல. நாவலாசிரியர் தாமஸ் உல்ஃப் 1900-த்தில் பிறந்தது அங்கேதான். சிறுகதை மன்னன் ஓ. ஹென்றி அடக்கமாகியிருப்பதும் அந்த ஊர் மயானத்தில்தான். ஓ. ஹென்றி கதை எழுத வருவதற்கு முன்னால் அதே ராஜ்யத்தில் தகப்பனாரின் சகோதரருடைய மருந்துக்கடையில் வேலை கற்று, 1881-ல் முறைப்படி அநுமதி பெற்ற மருந்தாளராக இருந்தவர். பிற்பாடு பாங்கிப் பணம் கையாடியதாகச் சிறைக்குப் போனபோது அங்கேயும் ராத்திரி மருந்தாளராகவே வேலை பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் நான் இவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

இருக்கட்டும். 1996-97 வாக்கில் ஆஷ்வில் நகராட்சி ஒரு காரியம் செய்தது. அமெரிக்காவில் வைத்தியச் செலவை உத்தியோகம் கொடுக்கிறவர் ஏற்பதுதான் பெருவழக்கம்; பெரிய முதலாளிகள் பலர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் பொறுப்பை விடாமல், சிப்பந்திகளின் ஆஸ்பத்திரிப் பில்களைத் தாங்களே நேரடியாகக் கட்டுவார்கள். ஆஷ்வில் நகராட்சியும் அப்படித்தான். ஆகவே அதன் தீயணைப்பு வீரருக்கோ குமாஸ்தாவுக்கோ சர்க்கரை ஏறிக் கால் புரையோடினால், அந்தச் செலவு நகராட்சியின் கஜானாவில்தான் வந்து விடியும். கஜானாவைக் காப்பாற்ற அவர்கள் ஒரு வழி கண்டார்கள். சர்க்கரை வியாதி உள்ள சிப்பந்திகளில் யாருக்கு இஷ்டமோ அவர்கள் சேரலாம். முதலில் ஆஸ்பத்திரியில் வியாதியைப் பற்றிப் பாடம். பிறகு, ஊரில் உள்ள மருந்துக்கடைகளில் ஒன்றில், இதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற மருந்தாளரைக் குறித்த நாளில் போய்ப் பார்க்கவேண்டும். அப்படித் தவறாமல் பார்த்து வருகிறவரைக்கும் சர்க்கரை மருந்துக்கும், ரத்தம் சோதிக்கும் கருவிக்கும் சிப்பந்தி தன் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு தள்ளுபடி. மருந்தாளருக்கோ, அவர் உட்கார்ந்து பேசிய நேரத்துக்கு நகராட்சி பணம் கொடுக்கும். மாத்திரை விற்றதற்கு அல்ல, பேசியதற்கு!

என்ன பேசினார்கள்? பிரமாதமான ரகசியம் எதுவும் இல்லை. வீட்டில் சோதித்துப் பார்த்த சர்க்கரை அளவுகளை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஏன் ஏறியது, வெள்ளிக்கிழமை ஏன் இறங்கியது என்று கேட்பது. காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் புண் உண்டா, உணர்ச்சி உண்டா என்று பார்ப்பது. ரத்த அழுத்தம் பார்ப்பது. அடுத்த முறை வருவதற்குள் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து ஒரு சின்ன இலக்கு வைத்துக்கொள்வது. மருந்தை மாற்றவேண்டும் என்று தோன்றினால், தானே மாற்றிவிடாமல் டாக்டருக்குத் தெரிவிப்பது. கிராமத்தில் ஒரு நல்ல அத்தை செய்கிற காரியந்தான். மருந்து சாஸ்திரம் படித்த அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் அந்த ஊர்க் கணக்கைப் பிரசுரித்தார்கள். பன்னிரண்டு மருந்துக்கடைகள், சில வருஷ காலத்துக் கணக்கு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஏ-ஒன்-சி பரிசோதனையில், பார்த்த ஒவ்வொரு தவணையிலும் பாதிப் பேருக்கு மேல் முன்னைவிடத் தேறியிருந்தார்கள். ஆரம்பத்தில் யார் மிக மோசமாக இருந்தார்களோ அவர்களே அதிகம் தேறினார்கள். ஆளுக்கு வருஷம் ஒன்றுக்கு மொத்த வைத்தியச் செலவு, ஆரம்பத்தில் இருந்ததைவிட 1,200 டாலரிலிருந்து 1,872 டாலர் வரை குறைந்தது. ஒரு முதலாளியிடம் 1997 முதல் 2001 வரை ஒவ்வொரு வருஷமும் வியாதி லீவு நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

இதில் என் மனசைக் கவர்ந்தது வேறொரு வரி. மருந்துச் செலவு குறையவில்லை; ஏறியது! ஒவ்வொரு தவணையிலும் கணிசமாக ஏறியது. குறைந்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவும் டாக்டர் செலவுந்தான். மருந்துச் செலவைக் குறைப்பதே சிக்கனம் என்று எண்ணும் கணக்குப்பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவேண்டும். அலமாரியில் கிடந்த மாத்திரை வயிற்றுக்குள் போக ஆரம்பித்தால் மருந்துக்கடைப் பில் ஏறத்தானே செய்யும்? அந்த ஏற்றம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொடுக்காமல் தப்பித்த பணம். அதே ஊரில் ரத்தக் கொதிப்பு, கொழுப்பு உள்ளவர்களைப் பற்றி 2008-ல் வந்த கணக்கிலும் இதே கதைதான்: இருதய மருந்துகளின் உபயோகம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று; இருதய சம்பந்தமான வைத்தியச் செலவோ 46.5 சதவிகிதம் இறங்கிற்று.

ஆஸ்த்மாக்காரர்கள் கணக்கு 2006-ல் வந்தது. 207 பேர். அவசர சிகிச்சைக்கு ஓடியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, நூற்றுக்கு ஒருவர் சொச்சமாக இறங்கியது. இங்கே பேச்சின் வேலை துலக்கமாகத் தெரிகிறது. ஆஸ்த்மாவுக்கு உறிஞ்சும் மருந்து இரண்டு வகை. மூச்சு முட்டும்போது உடனே திறந்துவிடுவது ஒன்று. தினமும் உறிஞ்சி, முட்டாமலே பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதலாவது கைமேல் பலன் தருவது, ஆகவே அதையே ஓயாமல் உறிஞ்சுகிறார்கள். இரண்டாவது எந்தப் பலனும் காட்டாமல் தன் வேலையைச் செய்வது, ஆகவே மூலையில் எறிந்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். குழலை வாயில் வைத்து எப்படி உறிஞ்சுவது என்று செய்து காட்ட இன்னோர் ஐந்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை எவரும் கொடுக்காததால் எத்தனை ராத்திரிகள் எத்தனை வீடுகளில் விழித்துக் கிடக்கின்றன என்பதைக் குடும்பத்தில் ஆஸ்த்மாக்காரர் உள்ளவர்கள் அறிவார்கள்.

நான் ஆஷ்வில்லின் வக்கீல் அல்ல. ஆகவே எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற அக்கறை ஏற்கெனவே உள்ளவர்களாக அவர்கள் இருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, பேச்சு கிடைத்த கூட்டம், பேச்சு கிடைக்காத கூட்டம் என்று பிரித்து ஒப்பிட்ட பரீட்சை அல்ல அது. சேர்வதற்கு முன், சேர்ந்த பின் என்று பார்த்த கணக்கு. மருந்து இனாமாகக் கிடைத்ததன் பலன் எவ்வளவு, பேச்சின் பலன் எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. பிற்பாடு அமெரிக்காவில் பத்து நகரங்களில் இதே முறையைச் செய்து பார்த்து, 573 சர்க்கரை வியாதிக்காரர்களின் கணக்கை 2009-ல் வெளியிட்டார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 1,079 டாலர், ஆகும் என்று மதிப்பிட்ட செலவைவிடக் குறைந்ததாம். அதை நடத்தியது மருந்தாளர் சங்கத்தின் அறக்கட்டளை. பண உதவி செய்தது கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற மருந்துக் கம்பெனி. மாத்திரை அதிகம் விற்றால் யாருக்கு லாபமோ அவர் கொடுத்த பணம். ஆகவே அந்த டாலர் கணக்கை நான் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இந்த ஆட்சேபங்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மருந்தைத் தருகிறவர் அதைப் பற்றிப் பேசினால் கெடுதல் என்று ஒருவராவது நிரூபித்ததாக நான் படித்ததில்லை.

டாலர் கணக்கு எனக்குப் பிடிக்காததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. ஆஷ்வில் கதையை எடுத்துச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர், "முதலாளிக்கு இவ்வளவு மிச்சம்!" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவனுடைய கால் வெட்டுப்படாமல் தப்பியது இரண்டாவது பத்தியில்தான் வருகிறது. மிச்சம் இல்லை என்று அடுத்த கணக்கு சொன்னால் அவன் காலை விட்டுவிடுவார்களா? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல் நிலையம் எல்லாவற்றையும் லாபம் காட்டித்தான் நியாயப்படுத்தவேண்டும் என்கிற இந்த வியாதி நமக்கும் தொற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு எந்த மருந்தாளரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதைவிடக் கவலைப்படவேண்டிய விஷயம் ஒன்று. சம்பளம் கொடுக்கிறவரே மருந்தாளருக்கும் கூலி கொடுக்கிறார் என்றால், மருந்தாளரின் நோட்டுப் புத்தகம் மானேஜர் மேஜைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 'இவனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இவனுக்குப் பதவி உயர்வு எதற்கு' என்று யாராவது நினைத்தால்? அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் செய்தார்கள். உடல் குறையுள்ளோரைப் பாதுகாக்கும் சட்டம். முதலாளி நடத்தும் ஆரோக்கியத் திட்டத்தில் சேருவது சிப்பந்தியின் இஷ்டமாக இருக்கவேண்டும், அங்கே தெரியவரும் வியாதி விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று அதில் விதி உண்டு. அந்தக் கதவு இல்லாத வீட்டில் இந்த விருந்தாளியைக் குடிவைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். கூலி முதலாளி பணமாக இருக்கட்டும். விவரம் நோயாளியின் சொத்தாகவே இருக்கவேண்டும். மொத்தத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற எண்ணிக்கைக்கு மேல் ஓர் எழுத்துக்கூட ஆபீசுக்குப் போகக்கூடாது.

டாக்டர்களுடைய ஆட்சேபம் எனக்குத் தெரியும். "மருந்துக்கடைக்காரனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தால் அவன் டாக்டராகிவிடுவான்." இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? காய்ச்சலுக்கும் இருமலுக்கும் சீட்டே இல்லாமல், விஷக் கிருமிகளைக் கொல்லும் கடுமையான மருந்துகளை மூன்று நாளைக்கு எண்ணிக் கொடுக்கிற கடைகள் நம் ஊரில் இல்லையா? கொடுக்கக் கூடாத மாத்திரையைத் தாராளமாகக் கொடுக்கிறார். கொடுக்கவேண்டிய பேச்சைக் கொடுப்பதில்லை. முதலாவதில் லாபம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. பேச்சுக்குக் கூலி என்று ஏற்பட்டால், மாத்திரை விற்காமலே பிழைக்க அவருக்கு ஒரு வழி பிறக்கும். "இந்த இருமலுக்கு மருந்து வேண்டாம், டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லவும் அவருக்கு அப்போதுதான் கட்டுப்படியாகும்.

இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, நமக்கு எங்கே என்பீர்கள். நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 1948-ஆம் வருஷம் சுதந்திரம் வந்த சூட்டோடு இரண்டு சட்டங்கள் செய்தோம். ஒன்று மருந்தாளர் சட்டம். தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரைத் தவிர வேறொருவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்பதற்கு வழி செய்தது. மற்றொன்று தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், இ.எஸ்.ஐ. என்று எல்லோரும் அறிந்தது. தொழிலாளியிடமும் முதலாளியிடமும் பணம் வசூலித்து, தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் செய்வது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவிகிதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம் என்று வைத்தார்கள். ஆஷ்வில் நகராட்சி யோசித்து யோசித்து அமைத்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் நம்மிடம் அதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே போட்டுக் கிடக்கிறது! வேலை கொடுப்பவரின் பணம் இருக்கிறது, மருந்தகம் இருக்கிறது, ஜன்னலுக்குப் பின்னால் படித்த மருந்தாளர் இருக்கிறார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தறி ஓட்டுகிறவனும் லேத்தில் நிற்கிறவனும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறான். ஜன்னல் வழியாகக் கை வருகிறது, மாத்திரை வருகிறது, வார்த்தை வருவதில்லை. இருநூறு பேருக்கு மருந்து எண்ணிக் கொடுக்கவேண்டியவரிடம் வார்த்தையை எதிர்பார்ப்பதும் அநியாயம். இன்னொருவரை நியமித்தால் அவர் பேசுவார்.

2015-ல் மருந்தாளர் தொழிலுக்கென்று மத்தியில் விதிமுறைகள் வெளியிட்டார்கள். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளரின் கடமை என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. கூலி பற்றி அழுத்தமாக ஏதாவது ஏற்பாடு செய்தார்களா என்றால், அதுதான் இல்லை. கடமையை மட்டும் எழுதிவிட்டுக் கூலியை எழுதாமல் விடுவது நம் தேசத்தில் வாத்தியாருக்கும் எழுத்தாளனுக்கும் பழகிப்போன மரியாதை. மருந்தாளரையும் அந்தப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஆரம்பித்தார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் அந்தந்த ஊரையே சேர்ந்தவர்கள். மருந்து கொடுக்கிற இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடிகிறவர்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அந்தத் திண்ணைதான். ஆனால் உத்தியோகம் பார்க்கிற நடுத்தர வகுப்பார், பகலில் வீட்டில் இல்லாதவர்கள், அங்காடி மருந்துக்கடையை நம்பியிருப்பவர்கள், அந்தத் திண்ணையில் அகப்படமாட்டார்கள். நம் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு நாள் 'ஆரோக்கிய தினம்' என்று கொண்டாடி, விரலில் குத்தி ரத்தம் எடுத்து, 'உங்களுக்குச் சர்க்கரை 240' என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. அந்தக் காகிதத்தோடு அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்று மறுநாள் கேட்க ஒருவரும் இல்லை. பயமுறுத்துவதற்குச் செலவழிக்கிறார்கள், அந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேசச் செலவழிப்பதில்லை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புப்படி நம் தேசத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் உட்கார்த்திவைத்துப் பேச டாக்டர்கள் நாளைக்கே பிறந்துவிடப் போவதில்லை. மருந்தாளர் கல்லூரிகளோ தெருவுக்குத் தெரு முளைத்து, படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் விற்பனைப் பிரதிநிதிகளாகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கற்ற கல்வி டாக்டரிடம் சரக்கு விற்கப் பயன்படுகிறது. நோயாளிக்கு அதில் ஒரு துளியும் கிட்டுவதில்லை.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஆபீஸ்களும் ஆலைகளும் தங்கள் சிப்பந்திகளுக்குக் கட்டுகிற வைத்திய இன்ஷ்யூரன்ஸ் பணத்தில், மாதத்துக்கு இருபது நிமிஷப் பேச்சுக்கு ஒரு தொகை ஒதுக்கட்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எண்ணிக் கொடுக்க ஒருவர், பேச ஒருவர் என்று வைக்கட்டும். அட்டையை நறுக்கும்போது பெயரும் தேதியும் நோயாளியின் துண்டோடு போகட்டும். முடியாவிட்டால் உறையின்மேல் எழுதிக் கொடுக்கட்டும். இதற்குப் பதிலாக, தவறாமல் வந்து உட்கார்ந்து பேசுகிறவனுக்கு அவன் மருந்துச் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்கட்டும்.

இதை நான் எங்கள் தெருக்கோடிக் கடைக்காரரிடமே சொல்லிப் பார்த்தேன். பட்டம் பெற்றவர், பாவம், நல்லவர். "கூலி கொடுத்தால் நான் ராத்திரி பத்து மணி வரை பேசத் தயார் சார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு நாற்காலி போடக்கூட இங்கே இடம் எங்கே இருக்கிறது?" என்றார். சுற்றிப் பார்த்தேன். வாஸ்தவம், இடம் இல்லைதான். நாற்காலி போடக்கூடிய அந்த மூலையில் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டி ஒன்று நிற்கிறது. அதில் நிறைய சர்பத்தும் ஐஸ்கிரீமும் அடுக்கியிருக்கிறார்.